உமாவுக்கு ஊர் கிடைத்த விதம்

1

சித்திரை விஷு அன்று காலையில் இங்கே பனி கொட்டியது. திருவனந்தபுரத்தில் இதைப் படிக்கிறவர்கள் யாரும் "ஆஹா, பனி!" என்று ஆசைப்பட வேண்டாம். இது கார்த்திகையிலேயே பெய்யத் தொடங்கிய பனி. அதன் அழகெல்லாம் முதல் வாரத்தோடு சரி. அதற்கப்புறம் அது தினமும் வாரிக் கொட்ட வேண்டிய குப்பை. வாரி எறிந்துவிட்டு நிமிர்ந்தால் அதே இடத்தில் மறுபடியும் கிடக்கும். சித்திரை பிறந்தும் மண்வெட்டியோடு வாசலில் நிற்கிறவனிடம் யாராவது இயற்கை எழிலைப் பற்றிப் பேசினால் அடி விழும்.

என் மனைவி மரியே முந்தின நாளே கணி, அதாவது விஷு அன்று கண் விழித்ததும் முதலில் பார்க்க வேண்டிய மங்கலத் தட்டு, வைத்துவிட்டாள். அவள் செக்கோஸ்லோவாக்கியாவின் வடக்கெல்லையில் இருக்கிற இந்த மலையூரிலேயே பிறந்து வளர்ந்தவள். விஷு என்று ஒன்று உண்டு என்பதே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆனாலும் வருஷம் தவறாமல் வைக்கிறாள். கொன்றைப் பூவுக்கு மஞ்சள் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டுவாள். கணிவெள்ளரிக்கு இங்கே கிடைப்பது உப்பு நீரில் ஊறப்போட்ட வெள்ளரிதான். தட்டில் அதை வைத்தால் கண்ணைத் திறப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், விஷு வந்துவிட்டதென்று.

எங்கள் ஒரே மகள் உமாவுக்கு ஒன்பது வயது. அவள் கண்ணைப் பொத்திக் கூடத்துக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். தபால்காரர் கதவைத் தட்டி, ஊராட்சி அலுவலகத்து உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். "கணி பார்த்துவிட்டுப் பிரியுங்கள், ஓடியா போய்விடும்?" என்றாள் மரியே. எனக்குப் பொறுமை ஏது? நின்ற இடத்திலேயே பிரித்தேன். ஆக, இந்த வருஷம் நான் கண்ட கணி அந்தக் காகிதம்தான்.

அதில் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. சிவதாணு பிள்ளையாகிய என்னையும் என் மனைவியையும் இந்த ஊரைச் சேர்ந்தவர்களாக ஏற்பதற்கில்லை. சிறுமி உமாவை இந்த ஊரைச் சேர்ந்தவளாக ஏற்றிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உமாவின் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் மைத்துனன் யோசெப்பின் பெயர் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.

கோடு என்றால் வெறும் கோடு. பேனாவால் இழுத்தது.

"அப்பா, கண்ணத் திறக்கலாமா?" என்றாள் உமா.

2

இந்தக் கோட்டின் மகிமை விளங்க வேண்டுமானால் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. இதற்கு செக்கில் ஒரு பெயர், ஜெர்மனில் ஒரு பெயர். எதை எழுதினாலும் மற்றக் கட்சிக்காரன் சண்டைக்கு வருவான். மலையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்முடி போகிற பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேயிலையை எடுத்துவிட்டுக் கறுத்த ஊசியிலை மரங்களை நடுங்கள். வெயிலையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது மலையூர். ஒரு சின்ன ஓடை பாறைகளுக்கு நடுவே விழுந்து விழுந்து வருகிறது. தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறம். மேலே சதுப்பு நிலத்தில் ஊறி வருவதால் அப்படி. தெரு என்று ஒன்று கிடையாது. ஓடை போகிற போக்கில் வீடுகள் தூரத்துக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போனால் திரும்பி வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். கீழ்க்கோடிக்காரர் செக் பேசுவார்கள், மேல்கோடிக்காரர் ஜெர்மன். நடுவில் இருக்கிற சாராயக்கடையில் இரண்டும் சத்தமாகக் கேட்கும்.

பழங்காலத்தில் இங்கே மனிதரே இல்லையாம், வெறும் காடு. கண்ணாடி காய்ச்சுகிறவர்கள்தான் முதலில் வந்தார்கள். உலைக்கு விறகு வேண்டும், கண்ணாடிக் கலவைக்கு மரச்சாம்பல் வேண்டும். சுற்றியிருந்த மரத்தை எரித்துத் தீர்த்ததும் உலையைப் பெயர்த்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். அப்படி அவர்கள் விட்டுப்போன இடங்கள்தான் ஊர்கள் ஆயின. ஆக, இந்த ஊரின் பூர்வ குடிகள் எல்லாரும் எங்கிருந்தோ வந்து மரத்தை எரித்தவர்கள். இதை ஒரு நாள் சாராயக்கடையில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முழுக்க ஒருவனும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

பிறகு மதச் சண்டை வந்து பாதிப் பேர் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். பிறகு சக்கரவர்த்திகள் காலம். மகாயுத்தம் முடிந்ததும் குடியரசு வந்தது, பெயர்ப்பலகைகள் மாறின. சில கிழவர்கள் இன்னும் பழைய சக்கரவர்த்தியின் படத்தை மாட்டுத் தொழுவத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். மாடு ஆட்சேபிக்கவில்லை.

நான் இங்கே வந்தது வளையலால். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நீங்கள் கண்ணாடிப் பாசியும் வளையலும் வாங்குகிறீர்களே, அதில் பெரும்பங்கு இந்த மலைகளில் செய்ததுதான். சாலையில் நான் வேலை பார்த்த கடை முதலாளி, சரக்கு ஏற்றுமதி செய்கிறவரிடம் நம் ஆள் ஒருவன் இருக்கட்டும் என்று என்னை அனுப்பினார். வந்து பார்த்தால், இந்த ஊரார் தலைமுறை தலைமுறையாக நம் பெண்களுக்கு வளையல் செய்திருக்கிறார்கள், நம் பெண் ஒருத்தியின் கையைக்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன வளையல் குழந்தைகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கை எலும்பை மடக்கி, சோப்பு நுரை போட்டு ஏற்றுவோம் என்று சொன்னபோது யோசெப் நம்பவில்லை. ஓடைக்கரையில் அவனுக்கு ஒரு சாணைப் பட்டறை இருக்கிறது. வளையல் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது அவன் தொழில். அவன் தங்கை கையிலேயே ஏற்றிக் காட்டினேன். அந்தத் தங்கைதான் மரியே. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது ஜப்பான் சரக்கு வந்து இந்தத் தொழிலைப் படுக்கப் போட்டுவிட்டது. சாலை முதலாளி கையைக் கழுவிவிட்டார். ஏற்றுமதிக்காரர் பழைய பழக்கத்துக்காக என்னை மாதிரிகள் அடுக்கிவைக்கிற அறையில் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அந்நியனுக்கு எதற்கு வேலை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் அனுமதிச்சீட்டு வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுவது. அடுத்த முறை கிடைக்காது என்று அலுவலகத்திலேயே காதில் போட்டுவிட்டார்கள்.

இதற்கு ஒரே மாற்று ஊருரிமைதான். இந்த நாட்டில் ஒவ்வொரு மனிதனும் ஏதாவது ஓர் ஊரைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும். சும்மா குடியிருந்தால் போதாது. ஊராட்சி கூடித் தீர்மானம் போட்டு, "இவன் எங்கள் ஆள்" என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் நோயோ பட்டினியோ அந்த ஊர்தான் பொறுப்பு, யாரும் துரத்த முடியாது. எழுதாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எல்லைக்குக் கொண்டுபோய் விடலாம். மரியேயின் கதை இன்னும் அழகு. என்னைக் கட்டிக்கொண்ட அன்றே அவளுடைய ஊருரிமை போய்விட்டது. அந்நியனை மணந்தவள் அந்நியளாம். "நான் பிறந்த அறை இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. நான் திருவிதாங்கூர்க்காரியா?" என்று அவள் அலுவலகத்து மேஜையைத் தட்டிக் கேட்டாள். "ஆமாம் அம்மணி" என்றார்கள்.

அதனால்தான் மூன்று பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டேன்.

3

விசாரணை மாசி மாதத்தில் நடந்தது. ஊராட்சிக்குத் தனிக் கட்டிடம் கிடையாது. சாராயக்கடை மாடியில் கூடுவார்கள், ஏனென்றால் ஊர்த்தலைவர்தான் சாராயக்கடைக்காரர். அவர், கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர், உறுப்பினர்கள் நாலைந்து பேர். யோசெப்பும் உறுப்பினன். சொந்தக்காரன் என்பதால் வாயைத் திறக்கக் கூடாதென்று அவனை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"திருவாளர் பிலா" என்று தொடங்கினார் எழுத்தர். பிள்ளை என்பது இவர்கள் வாயில் பிலா ஆகிவிட்டது. செக் மொழியில் பிலா என்றால் ரம்பம். வந்த புதிதில் அட்டைப்பெட்டிமேல் பெயரை எழுதிக் கொடுத்தேன். உள்ளே ரம்பம் இருக்கிறதென்று தச்சன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சத்தியம் செய்திருக்கிறீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் குடும்பத் தலைவர் யார்?"

"என் தாய்மாமா."

"தகப்பனார் இறந்துவிட்டாரா?"

"இறந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதும் அவர் தலைவர் இல்லை."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவருடைய சொத்து உங்களுக்கு வந்ததல்லவா?"

"இல்லை. அது அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. எங்கள் வழக்கம் அப்படி."

"அப்படியானால் உங்களுடையது?"

"என் அக்காள் மகனுக்கு."

"உங்கள் மகள் எந்தக் குடும்பம்?"

"பிள்ளைகள் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள்."

"அந்த வீட்டுக்குத் தலைவர்?"

"தாயின் சகோதரன்."

சொல்லி முடித்ததும் எல்லாத் தலையும் யோசெப் பக்கம் திரும்பியது. பாவம், அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். நாஞ்சில் நாட்டார் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தைப் பற்றிச் சத்தியம் செய்து கேட்டால் மருமக்கள்வழி வெள்ளாளன் வாயில் வேறு என்ன வரும்? தறவாடு என்கிற தாய்வழிக் குடும்பம், அதற்குத் தலைவரான காரணவர், அவருக்கு வாரிசான மருமகன், இந்த வரிசைதானே வரும்? அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வேறு. இவ்வளவு சிக்கலான விஷயத்தை அந்நிய மொழியில் தடுமாறாமல் சொல்லிவிட்டேனே என்று. எழுத்தரும் அக்கறையாக எழுதிக்கொண்டார். இவ்வளவு கவனமாகக் கேட்கிற அதிகாரியை நம் ஊரில் பார்க்க முடியுமா என்று வீட்டுக்கு வந்து மரியேயிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

எழுதினதன் பலன்தான் விஷுக் காலையில் வந்தது.

4

வயிறு எரிந்தது என்று எழுதினால் போதாது. ஏன் எரிந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்துக் கரமனையில் இருந்தது. எங்கள் வீடு என்று வாய்தவறிச் சொல்கிறேன். அது அப்பாவின் தறவாடு. அப்பா சாலையில் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். சாயங்காலம் வந்து கிணற்றடியில் கால் கழுவுகிற சத்தம் கேட்டால் நானும் அக்காளும் ஓடுவோம். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், முதுகில் தூக்கிக்கொண்டு கோயில் ஆராட்டு ஊர்வலம் காட்டினார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு பூவன் பழக் குலையை எங்களுக்காக வெட்ட வேண்டுமானாலும் அவர் தன் மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார். அவர் செத்துக் கருமாதி முடிந்ததும் அவருடைய மருமகன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். கெட்டவன் இல்லை. "அத்தே, வண்டி வரச் சொல்லியிருக்கேன், வெயிலுக்கு முன்னே போயிரலாம்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அம்மாவும் நாங்களும் மாமா வீட்டுக்குப் போனோம். அங்கே சோறு இருந்தது, படிப்பு இருந்தது. ஆனால் வண்டியில் போகும்போது அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது என் பிள்ளையாக இருக்கும், நான் குடியிருக்கிற வீட்டில் அதற்கு இடம் இருக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கப்பல் ஏறினபோது அந்தச் சனியனை அரபிக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அது எனக்கு முன்னாலேயே வந்து சாராயக்கடை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

5

காகிதம் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை யோசெப் வந்தான். சட்டை மாற்றி, மீசையை முறுக்கி, கையில் உயிருள்ள வாத்து ஒன்றோடு வந்தான். கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சட்டம் என்னை எழுதிவிட்டது. நான் கேட்கவில்லை. ஆனால் எழுதியபின் கடமை கடமைதான். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றான்.

"அதை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

"நீங்கள் போட்டது செல்லாதாமே. எழுத்தர் சொன்னார்."

மரியே அடுப்படியில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு அவள் அழுததையும் பார்த்தேன். உமா அட்டையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் உமாவை எம்மா ஆக்கிவிட்டார்கள்; அட்டையிலும் எம்மா என்றுதான் இருக்கிறது. யோசெப் கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்காக அவளைக் கண்டித்தான், ஓடைப் பக்கம் பனிச் சறுக்குக்கட்டையில் போகக் கூடாதென்று உத்தரவு போட்டான், தலையைத் தடவி மிட்டாய் கொடுத்தான். ஊரில் என் மாமா எனக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் செய்தான். இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சண்டை போடலாம் என்றால் அவன் நல்லவனாக வேறு இருக்கிறான். வாத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். போனால் எழுத்தர் ஒரே பாட்டைப் பாடுவார். "நீங்கள் சத்தியம் செய்து சொன்னீர்கள். அது தவறு என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் வேறு என்று நிரூபியுங்கள்." என் நாட்டுச் சட்டம் நான் சொன்னதுதானே! அதை எப்படிப் பொய் என்று நிரூபிப்பது? தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

வைகாசியில் மாதேவன் பிள்ளை வந்து சேர்ந்தார். கரமனைக்காரர்தான். சாலையில் ஒரு புதிய பாசிக் கடைக்குச் சரக்குப் பார்க்க ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தவர், இந்த ஊரில் நம் ஆள் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் மலை ஏறுகிற பல்சக்கர ரயிலில் ஏறி வந்துவிட்டார். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, "எந்தொரு தணுப்பு அண்ணாச்சி! மனுஷன் இருப்பானா இங்கே?" என்று நடுங்கினார். அவருக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க எந்தக் காலத்துல இருக்கீரு? அது பண்டு நடந்த கதையல்லே! மருமக்கள்வழியெல்லாம் போயாச்சு. சர்க்கார் நியமம் மாறி வருஷம் எவ்வளவோ ஆச்சு. இப்பம் மக்களுக்கும் பங்கு உண்டு. ஒருத்தரும் உமக்கு எழுதலியா?"

"எவன் எழுதுறான்? மாமா கடுதாசியில மழை பெஞ்சுது, பசு கன்னு போட்டுதுன்னுதான் இருக்கும்."

"பின்னே? அவரு வாயால அதை எழுதுவாரா? அவருக்கு அது துக்கச் செய்தியாக்கும்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்து, கைதட்டல் எதிர்பார்த்து விளக்கிய நாடு இப்போது இல்லை. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அதைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தொழுவத்தில் படம் மாட்டியிருக்கிற கிழவர்களைக் கேலி செய்தவனும் நான்தான்.

"அப்பம் உமாவுக்கு அங்க பங்கு உண்டா வே?"

"உண்டு. நியமப்படி உண்டு. கூட்டிக்கிட்டு வாங்க, கேட்டு வாங்கலாம்." பிறகு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மறைக்கப்படாது அண்ணாச்சி. நியமம் மாறிச்சு, வீட்டுல ஆளுங்க மாறல. உம்ம அக்கா மகனும் மாமாவும் இப்பமே கோர்ட்டுல நிக்கானுவ. வெள்ளைக்காரியும் புள்ளையுமா நீங்க போயி எறங்கினா, மூணாவது கச்சியா சேத்துக்கிடுவானுவ. அது தீரணும்னா புள்ளைக்குக் கல்யாண வயசு ஆயிரும்."

அங்கே உமாவுக்காகக் காத்திருப்பது ஒரு வழக்கு. இங்கே ஒரு கோடு. என்ன பிழைப்பு இது!

6

ஆனாலும் விடிந்ததும் மாதேவன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். சட்டம் மாறியதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் செக்கில் சொன்னேன். எழுத்தர் முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம்.

"நல்லது. இப்போது திருத்திவிடலாம். பிள்ளை தகப்பனைச் சேர்ந்தது. மிகவும் சரி" என்று சொல்லிப் பேனாவை மையில் தோய்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஊர்த்தலைவர் பக்கத்து மேஜையில் பீப்பாய்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் இருங்கள், திருவாளர் பிலா. அவர் எழுதுவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தை உங்களைச் சேர்ந்தவள் என்றால் உங்களைப் போல அந்நியள். உங்களை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்கவும் மாட்டோம், வேலையில்லாதவர்கள் என் கடையை உடைத்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் உங்கள் சீட்டு முடிகிறது. மூன்று பேரும் போக வேண்டும்."

"திருத்தாவிட்டால்?"

"குழந்தை யோசெப்பின் குடும்பம். அவளை யாராலும் அசைக்க முடியாது. சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வேண்டும் என்று மரியேவுக்கு நானே எழுதுகிறேன். உங்களை..." அவர் தோளைக் குலுக்கினார். "வருஷா வருஷம் பார்ப்போம்."

மாதேவன் பிள்ளைக்கு மொழி தெரியாது. "என்ன அண்ணாச்சி, சரியாயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாளைக்கு வருகிறேன் என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மரியேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். "உங்களோடு எங்கே வேண்டுமானாலும் வருவேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் மூன்று பேரில் ஒருத்திக்காவது காலூன்ற மண் இருக்கட்டும்" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதை நான் உங்களிடம் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டேன்" என்றாள்.

சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் பேசக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு மனது கேட்கவில்லை. உமா மேஜையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு மலையூரின் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஊர்ப் பூகோளமும் சரித்திரமும் இங்கே தனிப் பாடம். ஓடைக்குப் பழுப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மக்களே, உனக்கு அப்பா பேரு வேணுமா, யோசெப் மாமா வீட்டுப் பேரு வேணுமா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "யோசெப் மாமா பேரு."

"ஏன்?"

"உங்க பேரு சொன்னா பசங்க இப்பிடி இப்பிடி செய்றாங்க" என்று கையால் அறுத்துக் காட்டினாள். பிறகு பழுப்பு வர்ணத்தைத் தேடினாள்.

கோபம்தான் முதலில் வந்தது. பெயரில் என்ன கேவலத்தைக் கண்டாய் என்று கத்தவும் செய்தேன். அவள் மிரண்டு பார்த்தாள். அந்தப் பார்வையோடு என் சத்தம் அடங்கிவிட்டது. ஒன்பது வயதில் தினமும் ஒரு ரம்பத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. அவளைச் சொல்லி என்ன பயன்? நான் அவளை எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோவது?

மறுநாள் தனியாகப் போனேன். திருத்த வேண்டாம் என்றேன். எழுத்தர் முகம் வாடிவிட்டது. பாவம், சரியானதை எழுதக் கிடைத்த வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது. ஆனால் சட்டம் மாறியது என்று நேற்று சொல்லிவிட்டேனே, அதை என்ன செய்வது? உமாவின் விஷயத்தில் பழைய வழக்கம்தான் பொருந்தும் என்று, அந்த வழக்கம் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். மாதேவன் பிள்ளை விடியற்காலை ரயிலில் போய்விட்டார். இந்த மலைத்தொடரில் மருமக்கள்வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே நானே சாட்சி. யோசெப் குடும்பத் தலைவன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"சாட்சி குழந்தைக்கு உறவினராக இருக்கக் கூடாது. அந்த இடத்தில் உறவு இல்லை என்று எழுதுங்கள்."

"நானா?"

"வேறு யாரும் இல்லையே" என்றார் மெதுவாக.

எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். ஊர்த்தலைவர் முத்திரையைக் குத்திவிட்டு எனக்கு ஒரு கிண்ணம் பிளம் சாராயம் ஊற்றினார். நான் தொடவில்லை. யோசெப் தன்னுடையதையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

கீழே இறங்கினால் உமா பள்ளிக்கூடப் பையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வைகாசி ஆகியும் நிழல் பக்கத்துப் பனி இன்னும் கரையவில்லை. பாதை உறைந்து கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"கையுறை எங்க?" என்றேன்.

"மறந்துட்டேன்."

"தெனமும் மறப்பியா? வெரலு வெறச்சுப் போனா யாரு பாக்கது? ஒரு தடவ சொன்னா காதுல ஏறாதா உனக்கு? நான் என்ன செவத்துகிட்டயா பேசுகேன்?"

வீடு வந்து சேரும் வரைக்கும் அவளை விடாமல் திட்டிக்கொண்டே போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும், அப்பன் மகளைத் திட்டுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.